நடந்தது சொல்லும் அறை

அந்த ஆண்டு, நாம் பெயர்கூடக் கேட்டிராத தீவுகளில் புயல்கள் அதிகம். அதனால் வேலாயுதநத்தத்தில் பிள்ளை பெறுவது கடினமாயிற்று.

இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று ஜெனிட்டாவுக்கும் முதலில் தெரியாது. அவள் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தாள். தூத்துக்குடிக்காரி. தெற்கு மாவட்டங்களில் தனியாக மருத்துவமனை நடத்தும் மருத்துவர்களைப் போய்ப் பார்ப்பதும், நோயாளி வழக்குப் போட்டால் கைகொடுக்கும் அவர்களுடைய காப்பீட்டின் விலை ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று விளக்குவதும் அவளுடைய வேலை. இறங்கிய காலத்தில் அவளுக்குக் காபி கிடைத்தது. ஏறிய காலத்தில் நாற்காலிகூடக் கிடைக்கவில்லை.

புதிய சட்டம் வந்த பிறகு, காப்பீடு நடப்பில் இருக்கும் மருத்துவர் மட்டுமே பிரசவ அறைக்குள் நுழைய முடியும். பிரசவ அறையின் வாசலுக்கு மேலே ஒரு விளக்கு இருக்கும். பச்சை எரிந்தால் கதவு திறக்கும். சிவப்பு எரிந்தால் பூட்டிக்கொள்ளும். அந்த விளக்கை ஆள்வது செவி என்ற கருவி. கவிழ்த்து வைத்த கொட்டாங்கச்சி அளவில், மருத்துவரின் ஆலோசனை அறைச் சுவரில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும். மருத்துவர் நோயாளிகளிடம் பேசுவதையெல்லாம் அது கேட்கும். இவர்மீது யாராவது வழக்குப் போடுவார்களா என்று ஓயாமல் கணித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கணிப்பின்படி வாரந்தோறும் விலை மாறும்.

மருத்துவர் செண்பகவல்லி வேலாயுதநத்தத்தில் இருபது வருடங்களுக்கு மேலாகப் பிரசவம் பார்த்துவந்தார். நெடுநெடுவென்று உயரம். பேசும்போது மட்டும் தன் உயரத்தைக் குறைத்துக்கொள்ள ஒரு முக்காலி வைத்திருந்தார். பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் நாளில் தாயையும் வீட்டாரையும் ஆலோசனை அறைக்கு வரச்சொல்வார். அவர்களை நாற்காலிகளில் உட்காரவைத்து, தான் முக்காலியில் உட்கார்ந்து, பிரசவத்தில் என்னென்ன நடந்தது என்று ஆரம்பத்திலிருந்து சொல்வார். எது நன்றாக நடந்தது, எங்கே தான் பயந்தது, எங்கே தான் தவறியது, எல்லாம். ஊரில் அதற்கு 'நடந்தது' என்றே பெயர். 'நடந்தது கேட்டாச்சா?' என்றால் வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். நடந்தது கேட்கச் சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒரு கூட்டமே வரும். குறுக்குக் கேள்விகள் கேட்பார்கள். மருத்துவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வார். தப்பு இருந்தால், மன்னிப்புக் கேட்பார்.

நல்ல காலத்தில் செவி இதையெல்லாம் கேட்டும் கேட்காதது போல இருந்தது. நிறுவனங்கள் போட்டி போட்டு விலையைக் குறைத்த காலம் அது. தீபாவளிக்கு மூன்று நிறுவனங்களிலிருந்து மருத்துவருக்குப் பட்டுச்சேலை வந்தது. மூன்றும் ஒரே நிறம் என்று சிரித்துக்கொண்டே செவிலியர்களுக்குக் கொடுத்துவிட்டார்.

பிறகு புயல்கள் வந்தன. காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் பெரிய நிறுவனங்கள் கடல் கடந்த நகரங்களில் இருந்தன. அவை நஷ்டப்பட்டன. அதே சமயம் முதலீடுகளின் வருமானமும் விழுந்தது. பட்டுச்சேலை அனுப்பிய மூன்றில் இரண்டு நிறுவனங்கள் ஒரே மாதத்தில் கடையைக் கட்டின. மிஞ்சியது ஜெனிட்டாவின் நிறுவனம். அது விலையை ஏற்றியது. பக்கத்து ஊர்களில் சின்னச் சின்ன மருத்துவமனைகள் பிரசவம் பார்ப்பதையே விட்டன. வேலாயுதநத்தத்தில் மட்டும் பச்சை விளக்கு எரிந்தது. அது அணைந்தால் அந்தச் சுற்றுவட்டாரப் பெண்களுக்கு அடுத்த பிரசவ அறை திருநெல்வேலியில்தான்.

இந்த நிலையில்தான் பேச்சியம்மாளின் பிள்ளை பிறந்தது.

பேச்சியம்மாள் ஊரில் இருந்த கடலைமிட்டாய்க் கம்பெனியில் வேலை பார்த்தவள். புருஷன் கருத்தப்பாண்டி லோடு ஆட்டோ ஓட்டினான். தலைப்பிள்ளை. பிரசவத்தில் தலை வந்துவிட்டது, தோள் மாட்டிக்கொண்டது. மருத்துவர் எப்படியோ எடுத்துவிட்டார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் பிள்ளையின் இடது கை அசையவில்லை. கழுத்தருகே நரம்பு இழுபட்டிருந்தது. பயிற்சி கொடுத்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். முழுதாகத் திரும்புமா என்று யாராலும் சொல்ல முடியாது.

நடந்தது சொல்லும் நாளுக்கு முன்னால் ஜெனிட்டா அங்கே அனுப்பப்பட்டாள். செவியின் கணிப்பில் செண்பகவல்லியின் பெயர் விளிம்பில் இருந்தது. அவர் இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டால் காப்பீடு போய்விடும். ஜெனிட்டா அவருக்கு நிறுவனம் அனுமதித்த வாக்கியங்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மருத்துவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். 'பிரசவத்தில் இவ்வாறு நேர்வது உண்டு. உங்கள் வருத்தத்தை நாங்கள் புரிந்துகொள்கிறோம்.' அதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தார். பிறகு ஜெனிட்டாவை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், ஏன் அதைச் சொல்ல முடியாது என்று விளக்கினார்.

பேச்சியம்மாளுக்கு ஆறாம் மாதத்தில் சர்க்கரைப் பரிசோதனை செய்தபோது சரியாக இருந்தது. ஏழாம் மாதத்தில் கம்பெனியில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவளைப் பாவம் என்று பாகு காய்ச்சும் இடத்துக்கு மாற்றினார்கள். உட்கார்ந்த வேலை. கொதிக்கும் வெல்லப்பாகில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு, உருட்டி, வாயில் போட்டுக் கடித்துப் பதம் சொல்ல வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதுதான். அவள் உடம்புக்குள் சர்க்கரை ஏறியது. பிள்ளையும் பெருத்தது. பேச்சியம்மாள் ஒவ்வொரு தடவை வந்தபோதும் மருத்துவர் அவளுடைய கையைப் பிடித்துப் பார்த்திருக்கிறார். வெல்ல வாசனைகூட வந்திருக்கிறது. மிட்டாய்க் கம்பெனிக்காரி என்று விட்டுவிட்டார். வேலை மாறியதா என்று கேட்கவில்லை. மறுபடி பரிசோதிக்கவும் இல்லை.

"அதைச் சொல்லுங்க டாக்டர், காரணத்தை மட்டும் சொல்லுங்க. அது உண்மைதானே? தப்பு யாருதுன்னு சொல்லாம விட்டுருங்க" என்றாள் ஜெனிட்டா.

"நான் விட்டா அத யாரு தலையில வைப்பாங்கன்னு நினைக்க? அந்த வீட்டுல இப்பவே, கிரகணத்தன்னைக்கு இவ அருவாமணையில உக்காந்தா, அதனாலதான் கை போச்சுன்னு பேசிக்கிட்டு இருக்காங்க. பாகை மட்டும் சொன்னேன்னு வையி, 'தின்னே பிள்ளைய முடமாக்கிட்டா'ம்பாங்க. காலம் பூரா."

ஜெனிட்டா ஆலோசனை அறை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முற்றத்தில் நின்ற பூவரச மரத்தைக் காட்டினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அப்போ அங்க கூட்டிட்டுப் போய்ச் சொல்லுங்க. ஜன்னலைச் சாத்திட்டா செவிக்குக் கேக்காது. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க."

வேலையை இழக்கும்படியான யோசனை அது. மருத்துவருக்கும் அது புரிந்தது. அவள் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"உனக்கு நல்ல மனசு. ஆனா வெளிய கூட்டிட்டுப் போய்க் காதோட சொன்னா, அது மன்னிப்பு இல்லம்மா, பேரம். எதையோ மறைக்காங்கன்னுதான் அவங்களுக்குத் தோணும். எப்பவும் எங்க வச்சுச் சொல்லுதேனோ அங்க வச்சே சொல்லணும்."

மறுநாள் காலை அறை நிறைந்துவிட்டது. பேச்சியம்மாள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் இருந்தாள். கருத்தப்பாண்டி சுவரோரம் நின்றான். அவனுடைய அக்கா பூமாரி முன்வரிசை நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். திருநெல்வேலியிலிருந்து ஒரு வக்கீலின் ஆள் வீட்டுக்கே வந்து பேசிவிட்டுப் போயிருப்பதாக அவள்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மருத்துவருக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்க நினைத்து, ஜெனிட்டா முந்திக்கொண்டு அனுமதிக்கப்பட்ட வாக்கியத்தைத் தானே சொன்னாள். பூமாரி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"புரிஞ்சுக்கிட்டீங்களா? ஏ பாப்பா, நீ யாரு? உனக்குப் பிள்ளை இருக்கா?"

யாரோ சிரித்தார்கள். கருத்தப்பாண்டி அக்காவை அமர்த்தினான். தங்களுக்கு வேறு எதுவும் வேண்டாம், என்ன நடந்தது என்று மட்டும் தெரிய வேண்டும் என்று மருத்துவரைப் பார்த்துச் சொன்னான்.

செண்பகவல்லி முக்காலியை இழுத்துப் போட்டார். பேச்சியம்மாளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். ஆறாம் மாதத்திலிருந்து ஆரம்பித்தார். பாகைப் பற்றிச் சொன்னதும் பூமாரியின் தலை பேச்சியம்மாள் பக்கம் திரும்பியது. பேச்சியம்மாள் இன்னும் குனிந்துகொண்டாள். மருத்துவர் கையை உயர்த்தினார்.

"அங்க பாக்காதீங்க, இங்க பாருங்க. அவ வேலைதான் செஞ்சா. என்ன வேலைன்னு கேக்க வேண்டியது நான். மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டியதும் நான். நான் கேட்டிருந்தா வயித்தக் கிழிச்சு எடுத்திருப்பேன், இந்தக் கைக்கு ஒண்ணும் வந்திருக்காது. இது என் தப்பு பேச்சி. உன் தப்பு இல்ல, கிரகணமும் இல்ல. என்னய மன்னிச்சிரு."

'தப்பு' என்ற சொல்லிலேயே செவியில் மஞ்சள் ஒளி வந்துவிட்டது. 'மன்னிச்சிரு' என்றதும் சிவந்தது. திறந்த கதவு வழியாக, நடையின் கோடியில் பிரசவ அறை விளக்கு நிறம் மாறுவதை ஜெனிட்டா பார்த்தாள். பூட்டு விழும் ஓசை இந்த அறைவரை கேட்டது. மருத்துவருக்கும் கேட்டிருக்கும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பேச்சியம்மாள் அழ ஆரம்பித்திருந்தாள். வாழ்க்கைப்பட்டு ஊருக்கு வந்த நாளிலிருந்து அவள் அழுததே இல்லை என்று பிறகு கருத்தப்பாண்டி சொன்னான். பூமாரி கால்மேல் போட்டிருந்த காலை இறக்கினாள். பிறகு எழுந்து வந்து பேச்சியம்மாளின் மடியிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

அவர்கள் வழக்குப் போடவில்லை. வக்கீலின் ஆள் மறுபடி வந்தபோது பூமாரி அவனுக்கு மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். கருத்தப்பாண்டி வாரா வாரம் பிள்ளையைக் கைப்பயிற்சிக்கு மருத்துவரிடமே கொண்டுவந்தான். ஆனால் நடக்காத வழக்கைப் பற்றிச் செவிக்கு எதுவும் தெரியாது. விளக்கு சிவப்பாகவே எரிந்தது. வேலாயுதநத்தத்துப் பெண்கள் வலி எடுத்ததும் திருநெல்வேலிக்குப் புறப்பட்டார்கள். நாற்கரச் சாலையில், ஆம்புலன்ஸை ஓரங்கட்டிய இடத்திலேயே பிறந்த பிள்ளைகள் உண்டு. அதில் ஒன்று பிழைக்கவில்லை. அந்தச் செய்தியைக் கேட்ட அன்று செண்பகவல்லி பிரசவ அறை வாசலில் முக்காலியைப் போட்டு, பூட்டிய கதவைப் பார்த்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாராம். சொல்லியிருக்கக் கூடாதோ என்று ஒரே ஒரு தடவை செவிலியரிடம் கேட்டாராம். அந்தச் செவிலியர் பதில் சொல்வதற்குள் எழுந்துபோய்விட்டாராம்.

ஜெனிட்டாவால் அதைச் சும்மா விட முடியவில்லை. செவிக்கு எதைக் கொடுத்துப் படிக்கவைத்தார்கள் என்று தேடினாள். கிடைத்தது. அதற்குக் கொடுத்ததெல்லாம் நீதிமன்றத்துக்குப் போன வழக்குகள் மட்டும்தான். அவற்றில் மன்னிப்புக் கேட்ட மருத்துவர்கள் இருந்தார்கள். அதனால் மன்னிப்பு ஆபத்து என்று அது கற்றுக்கொண்டது. மன்னிப்புக் கேட்டதாலேயே நீதிமன்றத்துக்குப் போகாமல் நின்றுபோன ஆயிரக்கணக்கான சண்டைகள் அதன் பாடத்திலேயே இல்லை. அதற்குக் கருத்தப்பாண்டியைத் தெரியாது. பூமாரியின் மோரைத் தெரியாது.

அவள் சென்னைக்குப் போய் மேலாளர் ஹரிஹரனிடம் சொன்னாள். அவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர், மென்மையான மனிதர். முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கே. போன தடவை விலை ஏறினப்போ நானும் இதையேதான் கண்டுபிடிச்சேன்."

ஜெனிட்டாவுக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். இன்று வாங்கும் பிரீமியத்துக்கு, வழக்குகள் முடிந்து பணம் கொடுக்கப் பல வருடங்கள் ஆகும். இடையில் அந்தப் பணம் வெளியே போய்ச் சம்பாதிக்கும். நன்றாகச் சம்பாதித்தால் எல்லா நிறுவனங்களும் மருத்துவர்களை இழுக்க விலையைக் குறைக்கும், அடக்கவிலைக்கும் கீழே குறைக்கும். சம்பாத்தியம் படுத்துவிட்டால் எல்லாருக்கும் ஒரே நாளில் ஞானம் வந்து ஏற்றுவார்கள். மருத்துவரின் கை அன்றைக்கும் இன்றைக்கும் அதே கைதான். கடலுக்கு ஏற்றவற்றம் போல இது வந்து வந்து போகும்.

"அப்போ செவி எதுக்கு சார்?" என்று கேட்டாள்.

"ஏத்துறதுக்கு ஒரு காரணம் சொல்லணும் இல்லையாம்மா? 'எங்கயோ ஒரு தீவுல புயல் அடிச்சுது, அதனால நீங்க கூடக் கட்டுங்க'ன்னு அந்த டாக்டர்கிட்ட சொல்ல முடியுமா? 'நீங்க மன்னிப்புக் கேட்டீங்க'ன்னா சொல்லலாம். அவங்களும் நம்பிடுவாங்க. நல்லவங்க சீக்கிரம் நம்பிடுவாங்க."

அவர் குரலில் ஏளனம் இல்லை. வருத்தம்தான் இருந்தது. அந்த வருத்தத்தோடு அவர் இவ்வளவு வருடம் வேலை பார்த்திருக்கிறார் என்பதுதான் ஜெனிட்டாவைப் பயமுறுத்தியது. அவளுடைய கண்டுபிடிப்பைப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார். காலம் மாறும்போது தேவைப்படும் என்றார்.

காலம் மாறியது. புயல்கள் ஓய்ந்தன. கடல் கடந்த நகரங்களில் பணம் மறுபடி குட்டி போட்டது. புதுப்புது நிறுவனங்கள் முளைத்தன. விட்டுப்போன மருத்துவர்களைத் தேடிப் பிடிக்க எல்லாருக்கும் ஒரு புதுமை தேவைப்பட்டது. ஹரிஹரன் ஓய்வுபெறுவதற்கு முன் செய்த கடைசிக் காரியம், ஜெனிட்டாவின் கண்டுபிடிப்பை மேலிடத்தில் காட்டியது. இந்தத் தடவை எல்லாரும் கைதட்டினார்கள். செவிக்கு மறுபடி பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். 'மனம் திறந்த மருத்துவர்' என்று ஒரு திட்டம் வந்தது. இனி ஒவ்வொரு மன்னிப்புக்கும் பிரீமியத்தில் தள்ளுபடி. மருத்துவர் மன்னிப்புக் கேட்டதும் செவியில் நீல ஒளி ஒன்று மலர்ந்து மறையும்.

திட்டத்தை எடுத்துக்கொண்டு வேலாயுதநத்தத்துக்குப் போனபோது ஜெனிட்டாவுக்குப் பெருமையாக இருந்தது. செண்பகவல்லி படித்துப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். விளக்கு பச்சையானதும் அவர் முதலில் செய்தது, பிரசவ அறைக்குள் போய் ஒட்டடை அடித்ததுதான். செவிலியர் எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை.

மற்ற ஊர்களில் ஜெனிட்டா பார்த்தது வேறு. ஒரு மருத்துவர் நோயாளி உள்ளே நுழையும்போதே மன்னிப்புக் கேட்டார். இன்னொருவர் மின்விசிறி மெதுவாகச் சுற்றுவதற்குக் கேட்டார். சுவரில் நீலம் மலர்ந்துகொண்டே இருந்தது. நோயாளிகளும் சீக்கிரமே தெரிந்துகொண்டார்கள். "இன்னைக்கு எத்தனை போணி டாக்டர்?" என்று ஒரு பெரியவர் கேட்டதை ஜெனிட்டா தன் காதாலேயே கேட்டாள். மருத்துவர் அதற்கும் மன்னிப்புக் கேட்டார். அதற்கும் நீலம் மலர்ந்தது.

அந்த ஆடி மாதம் பேச்சியம்மாள் இரண்டாவது பிரசவத்துக்கு வந்தாள். செவிகளைச் சரிபார்க்கும் சுற்றில் ஜெனிட்டாவும் அப்போது அங்கே இருந்தாள். பெண் குழந்தை. அறுவைசிகிச்சையில் எடுத்தார்கள். குழந்தை நலம். ஆனால் பேச்சியம்மாள் நிறைய இரத்தம் இழந்து, இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்து, மீண்டாள்.

நடந்தது சொல்லும் நாளில் அதே அறை, ஏறத்தாழ அதே கூட்டம். மூத்தவன் பூமாரியின் இடுப்பிலிருந்து இறங்கமாட்டேன் என்றான். அவன் ஜெனிட்டாவைப் பார்த்து இடது கையை ஆட்டினான். கை தோள்வரை உயர்ந்தது, அதற்குமேல் போகவில்லை. அவனுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

செண்பகவல்லி முக்காலியில் உட்கார்ந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை சர்க்கரையெல்லாம் சரியாக இருந்ததைச் சொன்னார். சுகப்பிரசவம் ஆகிவிடும் என்று தான் காத்திருந்ததைச் சொன்னார். அவ்வளவு நேரம் காத்திருந்திருக்கக் கூடாது என்று சொல்ல வந்தபோது அவர் குரல் இறங்கியது. அந்த இறக்கத்தைச் செவி தெரிந்துகொண்டது. சுவரில் நீலம் லேசாக எட்டிப்பார்த்தது. மலர்வதற்குத் தயாராக, அவருடைய அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தது. கருத்தப்பாண்டியின் கண்ணும் அங்கே போனது. பூமாரியின் கண்ணும் போனது. எதற்கு அந்த விளக்கு எரியும், எரிந்தால் யாருக்கு லாபம் என்று இப்போது ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

மருத்துவர் நிறுத்தினார். அவரும் அந்த நீலத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து முக்காலியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"வாங்க, மரத்தடிக்குப் போவோம்" என்றார்.

ஆளுக்கொரு நாற்காலியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். பேச்சியம்மாளைக் கருத்தப்பாண்டி தாங்கிப் பிடித்து நடத்திப்போனான். ஜெனிட்டா மட்டும் அறையில் இருந்தாள். அவள் போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அது தனக்கானது இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

ஜன்னல் வழியாகப் பூவரச நிழலில் எல்லாரும் வட்டமாக உட்காருவது தெரிந்தது. செண்பகவல்லி பேச்சியம்மாளுக்கு நேராக முக்காலியைப் போட்டுக் குனிந்து உட்கார்ந்தார். காற்று இந்தப் பக்கம் வீசியது. முதல் சொல் ஜன்னல்வரை வந்துவிட்டது. சுவரில் நீலம் துடித்தது.

ஜெனிட்டா எழுந்துபோய் ஜன்னல் கதவுகளைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.